நோராவின் ஆட்சேபம்

அத்தியாயம் 14

செத்துப்போனவள் பேச்சுக்கு ஒரு வீட்டில் இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று தெரிந்திருந்தால் நோரா உயிரோடு இருக்கும்போதே இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசியிருப்பாள்.

பிரேசர் டவுன் வீட்டில் ஆறு நாளாக அவள் சொன்னதுதான் சட்டம். போன ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மகன் டேரில் மேஜைமேல் வைத்த அந்தக் குட்டி ரெக்கார்டரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் டேரிலின் குரல்: "மம்மி, மரியாக்கா கல்யாணம் பண்ணிட்டுப் போறா. அவகிட்ட ஏதாவது சொல்லணுமா?" பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். எட்டு வினாடி கழித்து, துணிக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு பெண் குரல்.

"பயமா இருக்கு. என்னைத் தனியா விடாதே."

நோராவின் புருஷன் டொமினிக் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "இது நோராதான்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

முடியத்தான் வேண்டும். டொமினிக் எழுபத்து நாலு வயதுக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அந்தக் காலத்தில் லைனில் வந்தவர் 'ஹலோ' என்று சொன்னாலே போதும், பேரைச் சொல்லிவிடுவாராம். இந்தப் பெருமையைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தவர்கள் யாருமில்லை. அப்படிப்பட்ட காது 'நோரா' என்று சொன்ன பிறகு மற்றவர்களுக்கு என்ன அப்பீல்?

மரியாவும் நம்பினாள். கடைசி நாலு வருஷம் பக்கவாதத்தில் நோராவுக்குப் பேச்சே போய்விட்டது. 'ஆ', 'ஊ' என்ற சத்தங்கள்தான். அந்தத் தாய் இப்போது முழுசாக இரண்டு வாக்கியம் பேசினால் மகள் எப்படி நம்பாமல் இருப்பாள்?

இன்று சனிக்கிழமை. நாளை ஞாயிறு காலைப் பூசையில் மரியாவுக்கும் ஓஸ்வால்டுக்கும் முதல் ஓலை. கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று சபையறியக் கேட்பார்கள். இந்த ஓலைக்குத் தடை சொன்னது பெண்ணைப் பெற்றவள். அதுவும் கல்லறையிலிருந்து.

காலை ஏழரைக்கு மரியா பின்கட்டில் நின்று ஓஸ்வால்டுக்கு போன் செய்தாள்.

"ஓஸ்வால்ட், நாளைக்கு ஓலை வேணாம்."

"தள்ளிப்போடலாங்கறியா?"

"இல்ல. வேணாம்."

ஓஸ்வால்ட் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தாறு வயது. மனைவி போய் ஏழு வருஷமாகிறது, பிள்ளை குட்டி இல்லை. அதிகம் பேசாத மனிதர். ஞாயிற்றுக்கிழமையே மரியா விஷயத்தைச் சொன்னபோது, "மெஷின்ல எந்தச் சத்தம் வந்தாலும் அதுக்கு ஒரு காரணம் இருக்கும், மரியா. என்னான்னு பாரு" என்று மட்டும் சொன்னார். அம்மாவின் குரலை லிஃப்ட் சத்தத்தோடு சேர்த்துவிட்டாரே என்று அவளுக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசவில்லை.

"உங்க மம்மி சொன்னதாலயா?" என்று இப்போது கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் காத்திருப்பேன் என்பார். காத்திருக்கச் சொல்லி இன்னொரு மனுஷனையும் கெடுப்பானேன் என்று மரியாவுக்குத் தோன்றியது. இந்த மாதிரி நல்ல எண்ணங்கள் அவளுக்கு எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும்.

"மம்மிக்காக இல்ல. யோசிச்சுப் பாத்தேன். எனக்கே வேணாம்."



"சரி மரியா" என்றார் ஓஸ்வால்ட். "ஃபாதர்கிட்ட?"

"சாயந்திரம் நாலரைக்கு ஆபீஸ் திறப்பாங்க. நானே போய்ச் சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டு வந்து தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமில்லை. டொமினிக் எட்டு மணிக்கு மாத்திரை போட வேண்டும், அதற்குமுன் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

"ஓஸ்வால்ட்கிட்ட சொல்லிட்டியாம்மா?" என்றார் டொமினிக், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"சொல்லிட்டேன் டாடி."

"என்ன சொன்னான்?"

"சரின்னாரு."

"நல்ல பையன். ஆண்டவர் சித்தம் அப்படி." டொமினிக் பெருமூச்சு விட்டார். பிறகு மூன்றாவது தோசைக்குத் தட்டை நீட்டினார். ஆறு நாளாக அவருக்கு நல்ல பசி.

மரியாவுக்கு நாற்பத்தொன்று. ஸ்கூல் ஆபீஸில் கிளார்க். நோரா படுக்கையில் விழுந்தபோது மரியாவுக்கு முப்பத்து நாலு. வந்த வரன்களெல்லாம் 'அம்மாவுக்கு எப்படி இருக்கு?' என்று விசாரித்துவிட்டு அப்படியே நழுவிப்போயின. ஆறு வருஷம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா போய் ஒரு வருஷம் முடிந்ததும், வருஷப் பூசை நடந்த அன்று கோயில் வாசலில், ஓஸ்வால்ட் வந்து கேட்டார். கனடாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கேட்கவில்லை. மர்பி டவுனுக்கு. டிராஃபிக் இல்லாவிட்டால் ஆட்டோவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷ தூரத்துக்குத்தான் ஆவி எழுந்து வந்து தடை சொல்லியிருக்கிறது!

டேரில் பத்தரைக்கு வந்தான். தோளில் பை, கையில் கறுப்புப் பெட்டி.

மரியாவைவிட ஆறு வயது இளையவன். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகக் கம்மனஹள்ளியில் இருக்கிறான். வாரநாளில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு பாழடைந்த பங்களா, பழைய கல்லறை என்று ரெக்கார்டரும் கேமராவுமாக ஆவி தேடிப் போவான். நோரா இருந்தவரை, "சும்னே, வேலையில்லாம பேய் பின்னாடி சுத்தறான்" என்று டொமினிக் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவனுக்கு வீட்டில் தனி மரியாதை.

"அக்கா, இன்னொரு செஷன் போடணும். மம்மி ஒரு தடவ பேசிட்டாங்க, லைன் ஓப்பனா இருக்கு. நீயும் உக்காரு. உன்கிட்டதானே பேசினாங்க?"

"டாடி?"

டொமினிக் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். "எனக்கு நெஞ்சு தாங்காதுப்பா. நீங்க உக்காருங்க."

நோராவின் அறையில் மெத்தை எடுத்த கட்டிலும் ஓர் அலமாரியும்தான் மிச்சம். அலமாரிமேல் மாதா சுரூபம். அதன் பின்னால் டேரில் ரெக்கார்டரை வைத்தான்.

"அன்னைக்கும் அங்கதான் வெச்சியா?" என்று கேட்டாள் மரியா.

"ஆமா. ரெண்டு வாரம் முன்னாடி சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்து, கேள்வி கேட்டுட்டு அப்படியே விட்டுட்டுப் போனேன். சாயந்திரம் நாலுக்கு வந்து எடுத்தேன். உன்கிட்ட சொன்னா கத்துவேன்னு டாடிகிட்ட மட்டும் சொன்னேன்."

பிறகு அவன் ஒரு விதி சொன்னான். செஷன் நடக்கும்போது மனுஷர் போடும் எந்தச் சத்தத்தையும் உடனே பேரோடு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருமினால் 'டேரில், இருமல்.' நாற்காலி நகர்ந்தால் 'டேரில், நாற்காலி.' இல்லாவிட்டால் பிறகு கேட்கும்போது அது ஆவியா ஆளா என்று குழப்பம் வரும். வெளிச்சத்தம் எது கலந்தாலும் அந்தப் பகுதி கெட்டுப்போனது, வெட்டித் தூர எறிந்துவிட வேண்டும்.

இருவரும் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

"மம்மி, நான் டேரில். இங்க இருக்கீங்களா?"

மரியா கையை மடியில் வைத்தபோது வளையல் உரசியது. டேரில் முழங்கையால் இடித்தான்.

"மரியா, வளையல்" என்றாள் அவள். ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல் இருந்தது.

"மம்மி, அக்கா ஓலை வேணாம்னு சொல்லிட்டா. உங்களுக்கு இப்ப சந்தோஷமா?"

மரியா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் தன்னால் தாங்க முடியாது என்று இருந்தது.

பதில் வந்தது, தெருவிலிருந்து. "தண்ட்டு… பாலக்… மெந்த்யா… சப்பஸ்ஸிகே… சொப்பூ!" கீரைப் பேர்களைக் கன்னடத்தில் கூவிய வண்டியின் ஒலிபெருக்கி ஜன்னலையே ஆட்டியது.

டேரில் தொடையில் அடித்துக்கொண்டான். "தரித்திரம்! அன்னைக்கும் இதே கரைச்சல்தான். மம்மி பேசி முடிக்கல, உடனே இந்தச் சொப்பு!"

"என்னைக்கு?"

"மம்மி பேசின அன்னைக்குத்தான். 'தனியா விடாதே'ன்னு முடிஞ்சதும் இந்தக் கத்தல். கெட்டுப்போச்சுன்னு அதுல இருந்து வெட்டிட்டேன்."

மரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றாகி இரண்டு நிமிஷம்.

"டேரில், நீ கேள்வி கேட்டது எத்தனை மணிக்கு?"

"ஏழு, ஏழே கால். ஏன்?"

"கீரைக்காரி பாஞ்சாலி வண்டி பதினோரு மணிக்குத்தான் நம்ம தெருவுக்கு வரும். என்னைக்கும் அப்படித்தான்."

"அன்னைக்கு சீக்கிரம் வந்திருக்கும்."

"நீ கேட்டு எட்டு வினாடியில மம்மி பேசினாங்க. உடனே பாஞ்சாலி வந்தா. ஏழே காலுக்கா?"

டேரில் எழுந்து ரெக்கார்டரை எடுத்தான். இந்த வீட்டில் அவன் இருந்த காலத்தில் பாஞ்சாலி வண்டி கிடையாது. எப்போதாவது வந்துபோகிறவனுக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று எப்படித் தெரியும்?

"முழு ஃபைல் எவ்ளோ நேரம்?" என்றாள் மரியா. ஸ்கூல் ரெஜிஸ்டரில் வரவும் போக்கும் பார்த்துப் பழகிய கண் அவளுடையது.

"பதினாலு நிமிஷம்."

"காலைல ஏழுல இருந்து சாயந்திரம் நாலு வரைக்கும் வெச்சே. பதினாலு நிமிஷம்தானா?"

"பேட்டரி போயிருக்கும்னு நினைச்சேன்…" அவன் பொத்தான்களை அழுத்தினான். சின்னத் திரையில் எதையோ படித்தான். அப்புறம் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

மெஷினில் ஒரு வசதி உண்டு. குரல் கேட்டால் மட்டும் பதியும், மற்ற நேரம் சும்மா இருக்கும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று மூன்று வருஷம் முன்னால் ஏதோ கல்லறையில் போட்டு வைத்தவன் அப்புறம் அதை மாற்றவே இல்லை. நடுவில் போன மணிக்கணக்கான மௌனத்தையெல்லாம் மெஷின் விழுங்கிவிட்டது. ஏழே காலுக்குக் கேட்ட கேள்வியும் பதினோரு மணிக்கு வந்த குரலும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. ஆவி வருவதற்கு அடையாளம் என்று டேரில் விளக்கம் கொடுத்த அந்த 'டிக்', தூங்கின மெஷின் மறுபடி விழித்துக்கொண்ட சத்தம்.

"வெட்டாததைப் போடு" என்றாள் மரியா.

போட்டான்.

"பயமா இருக்கு. என்னைத் தனியா விடாதே, மம்—" அதற்குமேல் தண்ட்டு, பாலக்.

மரியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இரண்டு வாரம் முன்னால், சனிக்கிழமை. ஓலைக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும் என்று ஃபாதர் கேட்டிருந்தார். அதைத் தேடி இந்த அலமாரியைத் திறந்தாள். சர்டிபிகேட்டின்மேல் அம்மாவின் நீல நைட்டி மடித்துக் கிடந்தது. இன்னமும் அம்மாவின் பவுடர் வாசனை. டாடிக்குக் கேட்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, நைட்டியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நாற்பத்தோரு வயதில் கல்யாணப் பெண். யாரிடம் போய்ச் சொல்வாள் பயமாக இருக்கிறது என்று? அம்மாவிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

தன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று யாருக்குத்தான் தெரியும்? ஆறு நாள், தன் குரலையே அம்மா குரல் என்று நம்பித் தன் கல்யாணத்தைத் தானே நிறுத்திவிட்டாள்.

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

ஸ்ரீராம்புரத்துக்காரி பாஞ்சாலி கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் வியாபாரம் செய்கிறவள். கத்துவதெல்லாம் ஒலிபெருக்கிதான்.

"பாஞ்சாலி, ரெண்டு வாரம் முன்னாடி சனிக்கிழமை நான் உங்கிட்ட கீரை வாங்கினேனா?"

"வாங்கினியே மரியாம்மா. கண்ணு மூஞ்சி எல்லாம் வீங்கிக்கினு வந்தே. மெந்த்யா குடுன்னு கேட்டுட்டு சப்பஸ்ஸிகேவை எடுத்துக்கினு போனே. நான் கூப்டேன், நீ திரும்பலை. ஏன், டாடி திட்டிட்டாரா?"

"எத்தனை மணி இருக்கும்?"

"எனக்கு எப்பவும் பதினொண்ணுதான். கோல்ஸ் ரோடு முடிச்சிக்கினுதானே இந்தத் தெருவு." பாஞ்சாலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னைக்கும் அழுதுக்கினே வர்றியே. இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மெந்த்யா குடு" என்றாள் மரியா.

உள்ளே வந்தபோது டேரில் தரையில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஆறு நாள் மம்மி இருந்தாங்கக்கா" என்றான். "ஆபீஸ்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு அதையே போட்டுப் போட்டுக் கேட்டேன். இப்ப இன்னொரு தடவ போயிட்டாங்க."

அவன்மேல் கொதித்துக்கொண்டு வந்த கோபம் மரியாவுக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது. அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த வீட்டில் நிம்மதியாகக் கோபப்படக்கூட ஒருத்தன் விடுவதில்லை.

"அந்த நாலு வருஷம் என்னைப் பாத்து ஏதோ சொல்லுவாங்க. எனக்கு ஒரு எழவும் புரியாது. நீதான் சொல்லுவே, 'சாப்பிட்டியான்னு கேக்கறாங்கடா'ன்னு. நிஜமாவே அதான் கேட்டாங்களா அக்கா?"

மரியா வெந்தயக் கீரையைக் கட்டில் சட்டத்தில் வைத்தாள். பாதி நாள் அவளுக்கும் புரிந்ததில்லை. வருகிறவன் வெறும் முகத்தோடு போகக் கூடாதே என்று தானாக எதையாவது சொல்லிவைப்பாள். அம்மா பேசாத வார்த்தைகளை அம்மா வாயில் முதலில் வைத்தவள் அவள்தான்.

"அதான் கேட்டாங்க" என்றாள்.

டேரில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். திடீரென்று நிமிர்ந்தான். "ஆனா டாடி மம்மி குரல்னு சொன்னாரே. டாடிக்குக் குரல் தப்பவே தப்பாதே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாலில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது.

"வயசாயிடுச்சு, காது போயிருக்கும்" என்றான் டேரில் அவசரமாக. "அக்கா, டாடிகிட்ட சொல்லாத. பாவம், தாங்க மாட்டாரு."

மூன்றாவது வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணிச் சொல்கிற காது அது. 

டேரில் சாப்பிடாமலே கிளம்பினான். ரெக்கார்டரை மட்டும் அவள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஓஸ்வால்டுக்கு மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. லிஃப்ட் குழியில் இறங்கும்போது போனைப் பையில் போட்டுவிடுவார், அவளுக்குத் தெரியும். 'முக்கியம், கூப்பிடுங்க' என்று மெசேஜ் அனுப்பினாள். மத்தியானம் முழுக்க அதில் ஒரே ஒரு டிக்தான் நின்றது. இந்தச் சந்தில் டவர் வேறு வரும், போகும்.

டொமினிக் மத்தியானத் தூக்கம் முடிந்து நாலேகாலுக்கு எழுந்தார். மரியா டீயும் ரஸ்கும் கொண்டு வைத்தாள். பக்கத்தில் ரெக்கார்டரை வைத்தாள். அழுத்தினாள்.

"பயமா இருக்கு. என்னைத் தனியா விடாதே, மம்—"

கீரைச் சத்தம் வந்ததும் நிறுத்தினாள். டொமினிக்குக்கு அதிர்ச்சியாகிவிடும் என்று முன்கூட்டியே தண்ணீர் வேறு எடுத்து வைத்திருந்தாள். என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள், பைத்தியக்காரி.

"டாடி, இது மம்மி இல்ல. நான்."

டொமினிக் ரஸ்கை டீயில் நனைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஞாயித்துக்கிழமையே தெரியும். முப்பத்தாறு வருஷம் இந்தக் காதை வெச்சுத்தானே உங்களுக்கெல்லாம் சோறு போட்டேன். உன் குரல் தெரியாதா எனக்கு? வார்த்தைகூட வேணாம், நீ மூச்சு விட்டா போதும்."

மரியா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் ஏன் மம்மின்னு சொன்னீங்க?"

"டேரில் சொன்னான் மம்மின்னு. அவ்வளவு ஆசையா சொன்னான். நான் ஆமான்னேன்."

"பழியைத் தூக்கி அவன்மேல போடாதீங்க."

"நான் உன்னைப் போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? நீயா முடிவு பண்ணினே. நீயா ஓஸ்வால்டுக்கு போன் போட்டே." டொமினிக்கின் குரல் உயர்ந்தது. "அப்படி என்ன பொய்யாச்சு இப்ப? பயமா இருக்குன்னு நீதானே சொன்னே? பயந்துக்கிட்டு ஏன் போகணும்?"

"நான் மம்மிகிட்ட சொன்னேன் டாடி. கதவைச் சாத்திட்டு, மம்மிகிட்ட மட்டும் சொன்னேன். அது உங்களுக்குச் சொன்னதில்ல."

டொமினிக்கின் கையிலிருந்த ரஸ்க் உடைந்து டீக்குள் விழுந்தது. அதை ஸ்பூனால் எடுக்கப் பார்த்தார். அது நழுவிக்கொண்டே போனது. மரியா எடுத்துக் கொடுப்பாள் என்று காத்திருந்தார். ஏழு வருஷத்தில் முதல்தடவையாக அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

"டேரில் வீடு மூணாவது மாடி" என்றார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "அவனும் அவளும் காலைல போனா சாயந்திரம்தான் வருவாங்க. இங்கயே கிடந்தாலும் நாள் முழுக்க நான் யார்கிட்ட பேசறது? நோரா விழுந்த மாதிரி நானும் பாத்ரூம்ல விழுந்தா? அவளுக்கு நீ இருந்தே. எனக்கு?" அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. அதில் மட்டும் பொய் இல்லை. "எனக்கு பயமா இருக்கு, மரியா. என்னைத் தனியா விடாதே."

அதே வார்த்தைகள்தான். இந்தத் தடவை சொல்ல வேண்டியவர் சொன்னார்.



"இதை நீங்களே கேட்டிருந்தா நான் இருந்திருப்பேன், டாடி" என்றாள். "ஒரே ஒரு தடவ, உங்க வாயால. ஓஸ்வால்டையும் இங்கயே வரச் சொல்லியிருப்பேன். அவரும் வந்திருப்பாரு. நீங்க செத்தவங்களை விட்டுக் கேட்டீங்க."

"மரியா…"

"அவங்க நாலு வருஷம் பேச முடியாம கிடந்தாங்க. அவங்களைப் போய்ப் பொய் சொல்ல வெச்சீங்களே."

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் டொமினிக் கூப்பிட்டார். முதலில் அதட்டி, பிறகு கெஞ்சி. தெருமுனை வரைக்கும் அந்தக் குரல் கேட்டது. கேட்காதது மாதிரி நடப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அப்பன் குரலாயிற்றே.

மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். பங்கு ஆபீஸ் ஆறு வரை திறந்திருக்கும். ஓலையை நிறுத்து என்று இன்னும் அவள் போய்ச் சொல்லவில்லை. சொல்லாதவரை ஃபாதரின் கோப்பில் பேர் இருக்கும். நாளைக் காலைப் பூசையில் வாசிப்பார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மாஸ்க் ரோடு திரும்பும்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

போன் அடித்தது. ஓஸ்வால்ட்.

"எங்க இருக்கீங்க? மூணு தடவ போன் பண்ணேன்" என்றாள் மூச்சிரைக்க. "நான் கோயிலுக்குத்தான் வந்துட்டிருக்கேன். நீங்களும் வாங்க. ஓலையை நிறுத்த வேணாம்."

அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் ஸ்டாண்ட் போடும் சத்தம்.

"நான் இப்பத்தான் ஃபாதரைப் பாத்துட்டு வெளிய வரேன், மரியா. நாலரைக்கே வந்துட்டேன். ஓலையை எடுத்துட்டாரு. பேப்பரெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாரு."

"நான் சொல்லிக்கறேன்னுதானே சொன்னேன்!"

"அவர் முன்னாடி போய் நீ தனியா நிக்க வேணாம்னுதான் நான் போனேன்."

மரியா நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. தன்னைத் தனியாக விடக் கூடாது என்று நினைத்தவன் உலகத்தில் ஒருத்தன் இருக்கிறான். அவனைத்தான் காலையில் வேண்டாம் என்று சொன்னாள்.

"ஓஸ்வால்ட், அந்த ரெக்கார்டர்ல பேசினது மம்மி இல்ல. நான்தான். மெஷின்ல தப்பு. டாடிக்குத் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சே… நான் நம்பிட்டேன். அதை நம்பித்தான் காலைல உங்களை…"

ஓஸ்வால்டின் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் மரியா அழுதாவது சமாளித்திருப்பாள்.

"ரெக்கார்டர்ல பேசினது யாருன்னு எனக்குத் தெரியாது, மரியா" என்றார். "காலைல ஏழரைக்கு நானே கேட்டேன், மம்மி சொன்னதாலயான்னு. இல்ல, எனக்கே வேணாம்னு சொன்னது உன் குரல்தானே?"

மாஸ்க் ரோட்டில் சாயங்காலக் கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. இல்லை என்று சொல்ல மரியாவால் முடியவில்லை.